வாசலில் நின்ற இரண்டாவது நாயனம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு சிடி பிளேயர், இரண்டு மர ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. மலையை விட்டுப் போன வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவர் தன் வராந்தாவில் பரப்பி விற்ற சாமான்களிலிருந்து என் மனைவி பொறுக்கி எடுத்தவை. நான் அன்றைக்குக் கம்பளி வாங்கத்தான் போயிருந்தேன். கம்பளி வாங்கவில்லை.

அவள் விரும்பிக் கேட்டது ஒரே ஒரு சிடித் தட்டு. அண்ணன் தம்பி இரண்டு பேர் வாசித்த இரட்டை நாகஸ்வரம். அண்ணனின் நாயனம் இடது ஸ்பீக்கரில், தம்பியுடையது வலதில், தவில் நடுவில். அண்ணன் ஒரு வரி வாசித்து விட்ட இடத்தில் தம்பி எடுப்பார். அவள் நடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவாள். பெயர் தெரிந்திருந்தும் 'பெரியவரு', 'சின்னவரு' என்றுதான் சொல்வாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு குறையத் தொடங்கியது. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி வீட்டில் சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மதுரை டாக்டர் சொன்னார். ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நாயுடுபுரம் வீட்டின் உள்ளறையில் வைத்தோம். அதன் பிறகு அவள் முன்னறைக்கு வரவில்லை.

ஒருநாள் கஞ்சி குடித்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, அந்த ரெட்டை நாயனத்த ஒருக்கா இங்கன கேக்க முடியுமா?"

ஃபோனில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"தகர டப்பாக்குள்ள அண்ணனையும் தம்பியையும் அடைச்சு வச்ச மாதிரி இருக்கு. அணைச்சுடுங்க."

ஆம்ப்ளிஃபயரை உள்ளே கொண்டு வர எனக்குத் துணிச்சல் இல்லை. உள்ளறையில் இருப்பது ஒரே பிளக். அதில் இயந்திரம் ஓடுகிறது. பழைய வயரிங். அதிலேயே இன்னொன்றைச் சேர்த்துச் செருகி, ஃபியூஸ் போனால் இயந்திரமும் நின்றுவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஸ்பீக்கர்கள் மட்டும் கட்டிலுக்கு இரு பக்கமும் வரட்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு வயர் வேண்டும். தரையோரமாக டேப் வைத்து மூன்று முறை அளந்தேன். ஒரு ஸ்பீக்கருக்குப் பதினொரு மீட்டர். இரண்டுக்கும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆக, இருபத்திரண்டு.

பஜாரில் மின்சாமான் கடை வைத்திருக்கும் பாயை எனக்குப் பல வருடமாகத் தெரியும். நான் கடைக்குள் நுழைந்தாலே ஸ்டூலை இழுத்துப் போடுவார், நான் சீக்கிரம் போக மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். முதலில் ஒரு பளபளப்பான டப்பாவை எடுத்து வைத்தார்.

"ஆக்சிஜன் கலக்காத செம்பு சார். சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும்."

விலையைப் பார்த்தேன். வீட்டு இயந்திரத்தின் ஒரு மாத வாடகை. மூடி வைத்தேன். அடுத்து உள்ளே தெரியும் கண்ணாடி போன்ற உறை போட்ட மெல்லிய வயர், மிக மலிவு. பாய் திரும்பிய நேரம் நுனியை நகவெட்டியால் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்துக்கு மேலே செம்புப் பூச்சு.

"சுரண்டியாச்சா? அதான பாத்தேன். நகைக்கடைக்காரனே உங்ககிட்ட தோத்துப் போவான் சார்."

"தூரம் போகணும் பாய். மெலிசா இருந்தா பாதி சத்தம் வயர்லயே நின்னுடும்."

"அப்ப இதப் பாருங்க. மைக்செட்காரங்க வாங்குறது. கோயில் திருவிழாவுக்கெல்லாம் இதுதான் ஓடுது. பாக்க அழகு இல்ல, ஆனா சுத்த செம்பு."

கறுப்பும் சிவப்புமாக ஒட்டிய சாதாரண வயர். கம்பிகளை விரித்துப் பார்த்தேன், உள்ளேயும் சிவப்பு. விலை கையைக் கடிக்கவில்லை. வெட்டாமல் ஒரே துண்டாக இருபத்திரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டேன். ரோலில் அதற்கு மேல் அதிகம் இல்லை.

"கூட ரெண்டு மீட்டர் வாங்கிக்கங்க சார், ரோல்ல உள்ள மிச்சத்த உங்களுக்கே தந்துடுதேன்."

"அளந்துட்டேன் பாய்."

வீட்டில் விவரம் சொன்னபோது அவள் குழாய் மாட்டிய மூக்கோடு சிரித்தாள். "ஆக்சிஜன் இல்லாத வயருக்கா அம்புட்டு வெல? இதுக்கு மேல என்னத்துக்கு, நம்ம வீட்ல ஆக்சிஜன் இல்லாதது நான் ஒருத்தி போதாதா?" சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் வயரைப் பிரித்துத் தரையில் ஓட்டக் குனிந்தேன். ராத்திரி முழுக்க மேகம் இறங்கியிருந்தது. தரையோரம் ஓதம் ஏறி, சுவரின் அடி ஒரு சாண் உயரத்துக்கு ஈரமாகக் கிடந்தது. இங்கே மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், நான் அளந்தது வெயில் அடித்த மத்தியானத்தில். தரையோடு போனால் செம்பு பச்சை பூத்துவிடும், வெந்நீர் தூக்கிக்கொண்டு வரும்போது காலிலும் தட்டும். கதவு நிலைக்கு மேலே ஏற்றி மறுபுறம் இறக்கினேன். ஏறி இறங்கவே நாலு மீட்டர் தின்றது. முதல் ஸ்பீக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது கையில் மிச்சம் ஏழு மீட்டர். அது நிலைப்படி வரைதான் வந்தது. இரண்டாவது ஸ்பீக்கரை உள்ளறைக்கு வெளியே, வாசற்காலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி மேல் வைத்தேன்.

எல்லாவற்றையும் எண்ணுகிறவன் நான். ஏற்ற இறக்கத்தை எண்ணவில்லை. தட்டைப் போட்டேன். அண்ணன் அவள் காதோரம் வாசித்தார். தம்பி கதவுக்கு வெளியே எடுத்தார்.

"பெரியவரு உள்ள வந்துட்டாரு," என்றாள். "சின்னவரு செருப்பக் கழட்டிக்கிட்டு வாசல்லயே நிக்காரு."

"கேக்குதா?"

"கேக்குதுங்க. ரெண்டும் கேக்குது."

வேறு வயரை ஒட்டுப்போட எனக்கு மனசு வரவில்லை. பாயிடம் ஓடினேன். ரோல் தீர்ந்திருந்தது.

"நேத்துச் சாயங்காலமே ஒரு மைக்செட் பையன் மிச்சத்த வாங்கிட்டுப் போய்ட்டான் சார். செவ்வாக்கெழம மதுர வண்டில வந்துரும். வெள்ளனே எடுத்து வச்சிருதேன்."

அவளிடம் சொன்னேன். "என்ன அவசரம்? அவரு நிக்கட்டும், இளவயசுதான," என்றாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் தட்டைக் கேட்டாள். அண்ணன் வாசிக்கும்போது கண்ணை மூடியிருப்பாள். அவர் நிறுத்தியதும் கண்ணைத் திறந்து கதவைப் பார்ப்பாள்.

திங்கட்கிழமை விடியும்போது போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. பாய் அன்று எங்கள் வீட்டு வாசலில் மற்றவர்களோடு நின்றிருந்தார். பல நாள் கழித்து நான் பல்பு வாங்கப் போனபோது, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"சொன்ன சொல்லுக்கு எடுத்து வச்சேன் சார். வேணாம்னா பரவால்ல, எப்படியும் வித்துப் போயிரும்."

வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை அவள் கட்டிலில், அவள் படுத்த இடத்தில், அவள் தலையணையில் தலை வைத்துப் படுத்தேன். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். தட்டு ஓடியது. அண்ணன் பக்கத்தில். தம்பி வெளியே, தூரமாக, ஆனால் ஒவ்வொரு சுரமும் தெளிவாக. ரெண்டும் கேட்டது. அவள் பொய் சொல்லவில்லை என்று ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது.

பிறகுதான் உறைத்தது. அறை அமைதியாக இருந்தது. இயந்திரத்தை வாடகைக்கு விட்டவர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். அது தலைமாட்டிலேயே இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்த ஒன்று. அந்த உறுமலுக்கு மேலே வெளியே நின்றவரின் நாயனம் அவள் காதுக்கு எட்டியிருக்குமா, இல்லை அண்ணன் நிறுத்தியதும் அந்த இடத்தில் தம்பி வாசிப்பார் என்று மனசில் வைத்துக்கொண்டுதான் கதவைப் பார்த்தாளா? இயந்திரம் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பொட்டலம் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. வயர் போதுமான நீளம், இந்த முறை ரெண்டு மீட்டர் கூடவே கேட்டிருந்தேன். முக்காலியை நான் நகர்த்தவில்லை. முன்னறைக்குப் போகும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறேன்.