சிங்காரி முகர்ந்து பார்த்த புல்

முன்கூடத்தில் படபடவென்று ஏதோ வெடித்தது.

சமையலறையில் பால் அளந்துகொண்டிருந்த செல்லியம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு கரண்டிப் பால் தரையில் சிந்தியது. கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. லாரி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டதா? செம்பை வைத்துவிட்டு ஓடினாள்.

கூடம் முழுக்கப் புகை. நடுவே ஒரு சிவப்பு இயந்திரம் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. அதன் கயிற்றை இழுத்துவிட்ட பெருமையில், சென்னையிலிருந்து வந்திருந்த விற்பனையாளர் ஆசீர்வாதம் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வீட்டு எஜமானி ஜானகியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"நிறுத்துங்க! முதல்ல அதை நிறுத்துங்க!"

"ஒரே இழுப்பு மேடம். ஒரே இழுப்புல ஸ்டார்ட்! பாத்தீங்களா?"

"வெளியில வச்சு இழுத்திருந்தாலும் பாத்திருப்பேன்!"

சத்தம் நின்றது. சுவரோரம் நீல நிறத்தில் இன்னொரு இயந்திரம் இருந்தது. அதன் பக்கத்தில் சுருட்டி வைத்த நீண்ட ஒயர்.

"இன்னாம்மா இது?" என்றாள் செல்லியம்மாள்.

ஜானகியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதில் ஆசீர்வாதத்திடமிருந்து வந்தது. "புல்லு வெட்டுற மிஷினும்மா. சிவப்பு பெட்ரோல், நீலம் கரண்டு. எதை வாங்கினாலும் உன் அரிவாளுக்கு இனிமே லீவுதான்!"

"அப்ப வெட்டுற புல்லு?"

"எங்க ஆளு வாரத்துக்கு ஒருநாள் வருவான். வெட்டுவான், குப்பையில கொட்டிட்டுப் போவான். உனக்கு ஏன் கவலை?"

குப்பையில்! அவள் கையால் நட்டு வளர்த்த புல்!

ஆறு வருடங்களுக்கு முன்பு, கும்மிடிப்பூண்டி சாலையோரத்தில் ஓர் ஆலையும், அதன் மேனேஜர் துளசிராமனுக்கு இந்த பங்களாவும் எழும்பியபோது, வாசலில் ஒரு புல் கிடையாது. சரளைக்கல்லும் உடைந்த செங்கல்லும்தான். அந்த வருடம்தான் நெல் அறுக்கப் போன அவள் கணவன் குப்பன் பாம்பு கடித்து வரப்பிலேயே விழுந்தான். இருபத்தெட்டு வயதில் தாலியைக் கழற்றியவளுக்கு மிச்சம் இரண்டே உயிர்கள். ஒன்று ஒன்பது வயது மகள் செல்வி, இன்னொன்று ஓர் எருமைக் கன்று. மேய்க்க இடமில்லை. புறம்போக்கெல்லாம் ஆலைகளின் முள்வேலிக்குள் போய்விட்டது.

செல்லியம்மாள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஏரிக்கரையிலிருந்து அருகம்புல் வேரைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து இந்தச் சரளையில் நட்டாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். "கூலி என்ன வேணும்?" என்று ஜானகியம்மாள் கேட்டபோது அவள் சொன்ன பதில்: "கூலி வேணாம்மா. நட்ட புல்ல நானே அறுத்துக்கினு போறேன். அது போதும்."

அந்தப் புல்லில்தான் சிங்காரி வளர்ந்து பால் கறக்கும் எருமையானாள். அந்தப் பாலில்தான் செல்வி அடுத்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறாள். இந்த வீட்டுக் காபிக்கும் அதே பால்தான்.

இத்தனையும் மூன்று நாட்களுக்கு முன்பு, விருந்துக்கு வந்த ஒரு பெரிய அதிகாரியின் மனைவி சொன்ன ஒரே வாக்கியத்தில் ஆடிப்போனது. "உங்க லான் பாதி சிரைச்ச தலை மாதிரி இருக்கே!"

மறுநாளே துளசிராமன் சொல்லிவிட்டார். "மிஷின் வாங்கிடு ஜானகி. இது கரண்டு போற ஊரு, பெட்ரோல்தான் சரி. எதுக்கும் ரெண்டையும் பாத்து நீயே முடிவு பண்ணு."

செல்லியம்மாள் இடுப்பில் முந்தானையை இறுக்கிச் செருகினாள். "மிஷின் வரட்டும்மா. வேணான்னு சொல்ல நான் ஆரு? ஆனா நான்தான் ஓட்டுவேன். புல்லு எனக்குத்தான். அது நம்ம பேச்சு."

"நீ ஓட்டுவியா?" ஆசீர்வாதம் சிரித்தார். "சைக்கிள் ஓட்டியிருக்கியா?"

"எரும ஓட்டியிருக்கேன் சார். அது உங்க மிஷினவிட முரடு."

ஜானகியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல ரெண்டும் வெட்டட்டும், பாக்கலாம்" என்றாள்.

புல்தரையில் சிவப்பு இயந்திரம் முதலில் இறங்கியது. பெட்ரோல் ஊற்றும்போது கொஞ்சம் வழிந்தது. ஆசீர்வாதம் பொருட்படுத்தவில்லை. கயிற்றை இழுத்தார், தள்ளினார். பாய் விரித்ததுபோல் சமமாக வெட்டியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகவே வெட்டியது. பிறகு ஜன்னல் வழியே ஒயரை இழுத்து நீலத்தை ஓட்டினார். சத்தமே இல்லை. ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒயர் அவர் காலைச் சுற்றியது. ஒருமுறை கத்தியில் மாட்டப்போக, கடைசி நொடியில் நிறுத்தினார்.

"இதான் மேடம் கரண்டு மிஷின்ல பேஜாரு."

செல்லியம்மாள் இரண்டு குவியலிலிருந்தும் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். சிவப்பு வெட்டிய புல்லைக் கீழே போட்டாள்.

"பெட்ரோலு நாறுது. இத எங்க சிங்காரி தொடாது."

"எருமைக்கு இன்னாம்மா தெரியும்? தார் ரோட்டையே நக்கும்!"

"அப்டியா? செத்த இரு சார். தோ, கூட்டிக்கினு வரேன்."

கால்மணி நேரத்தில் பங்களாவின் முன்கேட் வழியாக, வரலாற்றிலேயே முதல்முறையாக, ஓர் எருமை உள்ளே வந்தது. ஜானகியம்மாள் பூந்தொட்டிகளுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள்.

சிங்காரி நேராகச் சிவப்பு வெட்டிய குவியலுக்குப் போனாள்!

"சொன்னேன்ல?" என்றார் ஆசீர்வாதம்.

செல்லியம்மாள் கயிற்றை இறுகப் பிடித்தாள். நீ வளர்ந்த புல்லடி இது, என் மானத்தை வாங்கிவிடாதே என்று அவள் நெஞ்சு கதறியது. சிங்காரி மூக்கை வைத்தாள். புஸ்ஸென்று ஊதினாள். புல் பறந்து ஆசீர்வாதத்தின் பளபளப்பான ஷூ மேல் விழுந்தது. தலையைத் திருப்பி, ஜானகியம்மாளின் குரோட்டன்ஸ் செடியில் ஒரு வாய் கடித்தாள். பிறகு நீலம் வெட்டிய குவியலில் முகத்தைப் புதைத்தாள். நிமிரவே இல்லை.

"அய்யோ, பெட்ரோல் புல்லைத் தின்னா அந்தப் பாலைத்தானே நாம குடிக்கணும்!" என்றாள் ஜானகியம்மாள்.

"சரி மேடம்" என்று ஆசீர்வாதம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "தினமும் காலையில ரெண்டு மணி நேரம் மின்வெட்டு. அப்ப?"

"கரண்டு எப்ப வருதோ அப்ப நான் வரேன்" என்றாள் செல்லியம்மாள். "கரண்டுக்குத்தான் நேரம் காலம். எனக்கு இல்ல."

"ஒயர்?"

செல்லியம்மாள் குனிந்தாள். ஒயரை எடுத்து, எருமைக் கயிற்றைப் போடுவதுபோல் தோளில் போட்டாள். மிச்சத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். வீட்டுப் பக்கமிருந்து ஆரம்பித்து வெளியே வெளியே போனால் ஒயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கம்தான் கிடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நில்லும்மா!" ஆசீர்வாதத்தின் குரலில் இப்போது கேலி இல்லை. "வெறுங்காலோட ஓட்டாதே. பனி ஈரம் காயாம தொடவே தொடாதே. ரப்பர் செருப்பு கட்டாயம் வேணும். ஷாக் அடிச்சா உசிரு போயிடும்."

செல்லியம்மாள் தன் கால்களைப் பார்த்தாள். அந்தக் கால்கள் செருப்பு என்பதையே அறியாதவை.

ஜானகியம்மாள் தன் ரப்பர் செருப்பைக் கழற்றினாள். குனிந்து, தன் கையாலேயே எடுத்து அவள் முன் வைத்தாள்.

"அம்மா! வேணாம்மா, உங்க செருப்புல..."

"போட்டுக்கடி. உன் பொண்ணு பரீட்சை எழுதறதைப் பாக்க வேணாமா நீ?"

செல்லியம்மாளின் கண்ணில் அதுவரை கட்டி வைத்திருந்தது உடைந்தது. அழுதுகொண்டே போட்டாள், அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினாள். நீல இயந்திரம் நேர்கோட்டில் போய், திரும்பி, நேர்கோட்டில் வந்தது. ஒயர் ஒருமுறைகூடக் குறுக்கே வரவில்லை.

"நீலத்தை வச்சிட்டுப் போங்க" என்றாள் ஜானகியம்மாள். "ஓட்ட உங்க ஆளும் வேணாம்."

"மேனேஜர் சார் கேட்டா?"

"எருமை சொல்லிச்சுன்னு சொல்லிக்கிறேன்."

புதுப் பால் கலந்த காபியைக் குடித்து முடித்து ஆசீர்வாதம் எழுந்தார். சிவப்பு இயந்திரத்தை வேனில் ஏற்றினார். தொப்பியைத் தூக்கி, மேடத்துக்கு ஒரு வணக்கம் வைத்தார். கொஞ்சம் யோசித்து, கேட்டில் கட்டியிருந்த சிங்காரிக்கும் ஒன்று வைத்தார்.

"வரேம்மா. ஈரத்துல தொடாதே, ஞாபகம்!"

"போய்க்கினு வா நைனா."

வேன் சாலையில் ஏறியது. ஆறு வருடமும் பின்வாசல் வழியாகவே வந்துபோன செல்லியம்மாள், புதிதாய்க் கிடைத்த செருப்பு சரக்சரக்கென்று ஒலிக்கக் கூடத்தைக் கடந்து போய், முன்கதவைச் சாத்தினாள்.