கல் வீட்டின் மூன்றாம் உறுதிமொழி

வில்மா ஹச்சின்ஸ் இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றுதான் கல் வீட்டு அடுப்படிக்கு வந்தாள். பழைய சமையல்காரிக்குக் கால் முறிந்திருந்தது. வில்மா வேலை பார்த்த தக்காளி டப்பாத் தொழிற்சாலையோ மூடிக் கிடந்தது. அந்த இரண்டு வாரம் இருபத்தெட்டு வருஷமாக நீண்டுவிட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மக்காச்சோளக் காட்டில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவள், கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குப் பொங்கிப் போட்டாள். தட்டை எடுத்து வைக்காமல் எழுந்தவனை "கை என்ன வாடகைக்குப் போயிருக்கா ராசா?" என்று கேட்டே மானத்தை வாங்கினாள். பிள்ளைகள் அவளை வில்மாம்மா என்றார்கள். அவள் கணவன் எர்லைவிட அவர்களுக்குத்தான் அவளிடம் பயம் அதிகம்.

கல் வீடு என்பது கல்லூரியின் மாணவர் சகோதரக் கழகங்களில் ஒன்று. வாசலில் மூன்று கிரேக்க எழுத்துகள். கூடத்தில் ஆறு பேர் விறைப்பாக நிற்கும் பழுப்பேறிய படம். 1887இல் ஐந்து ஏழைப் பையன்கள் சேர்ந்து எடுத்த வீடு அது. ஒரு பனிப்புயலன்று, தங்கியிருந்த இடத்திலிருந்து துரத்தப்பட்ட ஆறாமவன் வந்து கதவைத் தட்டினான். இவர்கள் பேர்கூடக் கேட்காமல் உள்ளே இழுத்து சூப்பைக் கையில் கொடுத்தார்கள். கழகம் பிறந்த கதை அவ்வளவுதான், ஊருக்கே தெரியும். தெரியாதது அவர்களுடைய நான்கு உறுதிமொழிகள். திங்கட்கிழமைதோறும் சாப்பாட்டு அறையைத் தாழிட்டுக்கொண்டு உறுப்பினர்கள் மட்டும் கூடிச் சொல்வார்கள். வெளியாள் காதில் விழுந்தது என்று தெரிந்தால் வீட்டின் அங்கீகாரமே பறிபோகும்.

ஆனால் பாருங்கள், சாப்பாட்டு அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்தது ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. அந்த அதிமேதாவிகளில் ஒருவனுக்கும் இது உறைக்கவில்லை! இருபத்தெட்டு வருஷம் திங்கள்தோறும் கேட்டால் கல்லுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். மாவு பிசையும்போது வில்மாவின் உதடு தானாக அசையும். எர்லிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை.

இந்த வருஷம் பையன்கள் வினையை விலைக்கு வாங்கினார்கள். கல்லூரித் தலைவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவர் வீட்டுப் புல்வெளியில் அறுபது பிளாஸ்டிக் பூநாரைகளை நட்டு, ஒவ்வொன்றுக்கும் அவருடையதைப் போலவே கழுத்துப்பட்டி கட்டிவிட்டார்கள். வில்மா திட்டினாள், திட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். கழகத் தலைமையகம் சிரிக்கவில்லை. கூத்தடிக்கத்தான் வீடு என்றால் பூட்டிவிடலாம், மேற்பார்வையாளர் வருகிறார், வீட்டுத் தலைவன் தனியாளாக, தாளைப் பார்க்காமல் நான்கு உறுதிமொழிகளையும் சொல்ல வேண்டும், தவறினால் மே மாதம் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

தலைவன் டெரிக் ஓல்சன் நல்ல பிள்ளைதான். ஆனால் கூட்டத்தில் கோவிந்தா போட்டே பழகியவன். நான்கையும் தனியாகச் சொன்னதே இல்லை.

ஞாயிறு மதியம் மேற்பார்வையாளர் பிங்காம் வந்தார். ஒட்டிய கன்னம், இஸ்திரி கலையாத கோட்டு. வில்மா நீட்டிய எதையும் தொடாமல் பால் விடாத காபி மட்டும் போதும் என்றார். மனுஷன் தேற மாட்டார் என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். சாப்பாட்டு அறைக் கதவு தாழிடப்பட்டது. பதினான்கு பையன்களும் எழுந்து நின்றார்கள்.

அடுப்படியில் வில்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள். பொய் சொல்ல மாட்டேன் என்ற முதலாவது வந்தது. உணவைப் பகிர்வேன் என்ற இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வரவில்லை. டெரிக் இருமினான், மறுபடி இருமினான். பாவி மகனே, சொல்லித் தொலையேன்! அவள் வாயைத் திறந்து எடுத்துக் கொடுத்தால் அதோடு வீடு போச்சு. கொடுக்காவிட்டாலும் போச்சு. இந்தப் பிள்ளைகளும் இந்த அடுப்பும் இல்லாமல் அவள் என்ன செய்வாள்?

மேசைமேல், ஆப்பிளை மாவுக்குள் பொதிந்து காலையில் சுட்ட 'ஆப்பிள் பை' இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கூடம் வழியாகச் சுற்றிவந்து, தாழிட்ட கதவை ஓங்கி மூன்று முறை தட்டினாள். இத்தனை வருஷத்தில் கூட்டம் நடக்கும்போது அவள் தட்டியதே கிடையாது.

உள்ளிருந்து டெரிக்கின் குரல் உடைந்துகொண்டு வந்தது: "என் கதவைத் தட்டுபவரை வெளியே நிற்க வைக்க மாட்டேன். யாரென்று கேட்கும் முன்னே திறப்பேன்." அதே மூச்சில் நான்காவதையும் கொட்டி முடித்தான்.

வில்மாவுக்கு உயிர் வந்தது. சத்தமில்லாமல் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அப்போது பிங்காமின் குரல் கேட்டது.

"தட்டினது யாருப்பா?"

"எங்க வில்மாம்மா சார், சமைக்கறவங்க. கூட்டத்துல வெளியாள் வரக் கூடாதுன்னு விதி, அதான் திறக்கல."

"அப்போ இப்ப நீ என்கிட்ட சொன்னது என்னது தம்பி?"

நாற்காலி உரசியது. தாழ் விலகியது. டெரிக் காது வரை சிவந்துபோய் நின்றான்.

"உள்ள வாங்கம்மா. மன்னிச்சிருங்க."

பிங்காம் தன் நாற்காலியையே அவள் பக்கம் தள்ளினார். சரியாக அந்த நேரம் பார்த்து எப்படித் தட்டத் தோன்றியது என்று கேட்டார். முதல் உறுதிமொழி வில்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள்தான் உறுப்பினர் இல்லையே.

"பை ஆறிப்போயிருமேன்னுதாங்க" என்றாள்.

காலை பத்து மணிக்கே ஆறிப்போன தட்டை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை என்று தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, பெரிய துண்டாக வெட்டி முதலில் அவளுக்கு வைத்தார். இருபத்தெட்டு வருஷமாக அந்த மேசையை மூன்று வேளையும் துடைத்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக அதன்முன் உட்கார்ந்து சாப்பிட்டாள்.