பகல் உறக்கத்தில் அசைந்த கை

1964-இல் பூலோகத்துக்கு வாதத்தில் வலப்பக்கம் விழுந்தபோது, அவன் தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கத்தி கீழே விழுந்த சத்தத்தில்தான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தொரு நாள் கிழி வைத்தால் கை வரலாம் என்றார் மாட்டுங்கா வைத்தியர் சுந்தரராமன். அதுவரை வேலையை வைத்திருப்பதாக மேஸ்திரி ஹமீது சொன்னார்.

மனைவி பேராச்சி குறுந்தோட்டிக் கஷாயத்திலும் பாலிலும் நவரை அரிசியை வேகவைத்துத் துணியில் கிழியாகக் கட்டி, தைலம் தேய்த்த உடம்பில் சூடாக உருட்டுவாள்.

"பகல்ல மட்டும் தூங்க விடப்படாது, கேட்டேளா?" என்றிருந்தார் வைத்தியர்.

"கண்ணத் தொறயும். மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவாரு" என்று தண்ணீர் தெளிப்பாள்.

"முழிச்சிருந்தா ஒன் மூஞ்சியல்லா பாக்கணும்" என்பான், கோணிய வாயால்.

பதினேழாம் நாள் அவள் பாத்திரம் கழுவிவிட்டு வருவதற்குள் உறங்கிவிட்டான். எழுப்பக் குனிந்தவள் அப்படியே நின்றாள். வலக்கை பாயில் முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தது. தோல் சுரண்டும் அதே போக்கு. மூச்சு ஒரு கணக்கில் போக, கை வேறு கணக்கில் போயிற்று. அவன் விழித்ததும் ஈரத்துணி போலக் கிடந்தது.

மறுநாளிலிருந்து அவள் எழுப்பவில்லை. வைத்தியரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கை வேலை செய்வதைப் பார்ப்பாள். பாயில் கோரை பிய்ந்தது.

"எலியாட்டி?" என்றான் பூலோகம்.

"ஆமா, எலிதான்."

இருபத்தொன்றாம் நாள் மத்தியானம், பிடிக்குமா பார்ப்போம் என்று தன் மணிக்கட்டை அந்தக் கைக்குள் வைத்தாள். கை நின்றது. பிறகு ஒவ்வொரு விரலாக மடங்கியது. வளையல் நொறுங்கியது.

"இந்தாரும், விடும்!"

அவன் விழித்தான். கை விடவில்லை.

"என்னத்தட்டி விடணும்?" என்று குனிந்தவன், அடுத்த ஆளின் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான். "நான் பிடிக்கலியே."

அப்போதுதான் வைத்தியர் உள்ளே வந்தார். "அடடே, கை வந்துடுத்தே! பகல்ல தூங்கலையோல்லியோ?"

"உறங்க விட்டேன், சாமி" என்றாள் பேராச்சி.

வைத்தியர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். சூட்டுக் கிழியை வைத்து ஒற்றி ஒற்றித்தான் விரல்களைப் பிரித்தார்.

அடுத்த மாதம் பூலோகம் வேலைக்குப் போனான். முன்னைவிட நன்றாகச் சுரண்டுகிறான் என்றார் ஹமீது. சாயங்காலம் அந்தக் கையிலிருந்து கத்தியை வாங்கத்தான் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பேராச்சி அவனுக்கு இடப்பக்கமாகத் தன் பாயை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.