எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த நாள்

மஞ்சூருக்குக் கீழே தேயிலைத் தோட்டக்காரர்கள் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் அப்போது யாரிடமும் ஃபிரிட்ஜ் கிடையாது. தேவையும் இல்லை. குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் காலையில் பல்லைக் கூசவைக்கும். மிச்சக் குழம்பு மறுநாளும் கெடாது. அப்படிப்பட்ட ஊரில், அப்பா இறந்து ஏழெட்டு மாதம் ஆனபோது, எங்கள் வீட்டுக்குள் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் வந்து நின்றது. கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. எனக்கு அப்போது எட்டு வயது. அதைவிடப் பெரிய சந்தோஷம் அதுவரை எனக்கு வந்ததில்லை.

அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் இரவு வாட்ச்மேனாக இருந்தார். டீத்தூள் மூட்டைகளைத் திருட வந்தவர்கள் அவரைத் தலையில் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. யார் அடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை இருந்ததால் வீடு மட்டும் கையில் நின்றது. அந்தச் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடலாம், இரண்டு பேர் படிக்க முடியாது. அக்கா பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

காரமடையில் மளிகைக் கடை வைத்திருந்த மாமா சும்மா இருக்கிறவர் அல்ல. திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அக்காவைச் சேர்க்க ஆள் பிடித்துப் பேசிவிட்டார். அவள் கொண்டுபோவதற்கென்று சக்கரம் வைத்த சிவப்புப் பை ஒன்றும் வாங்கி வந்தார். எனக்கு அந்தப் பையின் மேல் ஒரே கண். அக்கா அதன் ஜிப்பைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. இவளுக்குப் போய் வாங்கிக் கொடுத்தாரே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த ஏட்டு அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னார். அடித்தவன் அகப்படாவிட்டாலும், செத்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்குமாம், ஊட்டி கோர்ட்டில் மனுக் கொடுக்க வேண்டுமாம். அம்மா ஒருநாள் லீவு போட்டுவிட்டு, ஏட்டு சொன்னபடியே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பணம் வந்தால் அக்கா மில்லுக்குப் போகவேண்டியதில்லை என்று எங்களிடம் சொன்னாள். பிறகு, குடும்ப நிலைமையை விசாரிக்கக் கோர்ட்டிலிருந்து ஒரு மேடம் வீட்டுக்கே வருவதாகத் தகவல் வந்தது. மாமா அடுத்த பஸ்ஸிலேயே மலையேறிவிட்டார்.

எவனோ செய்த குற்றத்துக்கு அரசாங்கம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது மாமாவுக்கு விளங்கவே இல்லை. யோசித்து யோசித்து, இது ஒரு தினுசு லோன் என்று முடிவுகட்டினார். லோன் விஷயத்தில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். பாங்க் மேனேஜர் பார்வையிட வருகிற அன்றைக்கெல்லாம் பக்கத்துக் கடைகளிலிருந்து மூட்டைகளை இரவல் வாங்கித் தன் கடையில் அடுக்கிவிடுவார். மேனேஜர் மூட்டைகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லும். பால் குடித்துக் கொழுத்த பிள்ளைக்குத்தான் மேலும் பால் என்று மாமாவுக்கு பாங்க் கற்றுக்கொடுத்திருந்தது.

"வெறும் ஊட்டக் காட்டுனா எவன்க்கா குடுப்பான்? திருப்பிக் கட்டற தெம்பு இருக்குதான்னுதான் பாப்பாங்க," என்று அம்மாவிடம் சொன்னார் மாமா.

"இது லோனு இல்லைன்னு ஏட்டய்யா சொன்னாருடா," என்றாள் அம்மா.

"திருப்பிக் கேக்காத பணத்த எந்த கவர்மெண்டு குடுத்திருக்குது? நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்."

அம்மா சும்மா இருந்தாள். அப்பா போனபின் அவள் அநேகமாகச் சும்மாதான் இருந்தாள்.

மேடம் வருகிற அன்று காலையிலிருந்தே எங்கள் வீட்டுக்குச் சாமான்கள் வந்துகொண்டிருந்தன. லைனில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அதிகாரி வந்து வெறும் தரையில் உட்காருவது லைனுக்கே கேவலம் என்று அவர்களும் நினைத்தார்கள். மேஸ்திரி வீட்டு மெத்தை நாற்காலிகள் வந்தன. ஃபேக்டரி கிளார்க் வீட்டிலிருந்து பெரிய டிவி வந்தது. பஸ் ஸ்டாண்டுக் கூல்டிரிங்ஸ் கடை ஃபிரிட்ஜை நான்கு பேர் தூறலில் படி படியாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். அதன் கதவில் ஒட்டியிருந்த கலர் பாட்டில் படத்தை மாமா முருகன் காலண்டரால் மறைத்தார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பிளக், அதை டிவி பிடித்துக்கொண்டது. ஃபிரிட்ஜ் சும்மா நின்றாலே போதும் என்றார் மாமா. பக்கத்து வீட்டு அக்கா தன் செயினைக் கழற்றி அம்மா கழுத்தில் போட்டாள். அம்மா அதை முந்தானையால் மூடிக்கொண்டே இருந்தாள். நான் ஃபிரிட்ஜோடு முதுகை ஒட்டிக்கொண்டு, ஜன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளைகளை ராணி மாதிரி பார்த்தேன்.

மேடம் குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். செருப்பெல்லாம் சேறு. மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பார்வை ஃபிரிட்ஜில் நின்றபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வீட்டுல எல்லா வசதியும் இருக்கு போல?" என்றார்.

"ஆண்டவன் புண்ணியத்துல ஒண்ணுக்கும் கொறையில்லீங்க மேடம்," என்றார் மாமா. அம்மா வாயைத் திறப்பதற்குள் எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம் அக்காவைப் பார்த்து, "நீ என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டார்.

அதற்கும் மாமாதான் பதில் சொன்னார். "படிப்பு இனி இல்லீங்க மேடம். மில்லுல வேலை பேசியாச்சு. அடுத்த மாசத்துலிருந்து கையில சம்பளமுங்க."

"அப்ப வருமானத்துக்கு வழி இருக்கு," என்று சொல்லி எழுதிக்கொண்டார் மேடம். பேனாவை மூடிவிட்டு எழுந்தார். காரியம் முடிந்தது என்று மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"மேடம், அந்த ஃபிரிட்ஜைத் தொறந்து பாருங்க."

மாமா குறுக்கே பாய்ந்தார். அதற்குள் அக்காவே போய், என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு. ஒரு மூலையில் கடைக்காரர் மறந்துவிட்ட இரண்டு காலி பாட்டில்கள் கிடந்தன. காலண்டர் நழுவிக் கீழே விழுந்தது.

"இது கூல்டிரிங்ஸ் கடையிதுங்க. டிவி கிளார்க் ஊட்டுது, சேரு மேஸ்திரி ஊட்டுது. எங்கம்மா போட்டிருக்கற செயினும் எங்களுது இல்லீங்க. எங்கப்பா சம்பளத்துலதான் சோறு தின்னோம், அதுலதான் படிச்சோம். எனக்கு மில்லுக்குப் போக இஷ்டமில்லீங்க மேடம். நானு படிக்கோணும்."

மாமா கண்ணால் மிரட்டிப் பார்த்தார். ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க..." என்று ஆரம்பித்தார் மாமா. மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அம்மா செயினைக் கழற்றி, வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தாள். பிறகு நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மேடமும் மறுபடி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "நீங்க சொல்லுங்கம்மா," என்றார். அம்மா பேச ஆரம்பித்தாள். அத்தனை மாதமாக அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

சாயங்காலமே எல்லாச் சாமான்களும் திரும்பிப் போயின. மூடுபனிக்குள் ஃபிரிட்ஜ் படியேறிப் போவதைப் பார்த்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். லைன் பிள்ளைகள் "இரவல் ஃபிரிட்ஜ்" என்று என்னைக் கேலி செய்தார்கள். எல்லாம் அக்காவால் வந்த வினை. அம்மாவையும் மாமாவையும் சந்தி சிரிக்க வைத்துவிட்டாளே என்று அவளோடு ரொம்ப நாள் பேசாமல் இருந்தேன். அவள் சமாதானத்துக்கு வந்தபோதும், "காட்டிக்கொடுத்தவ" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் பணம் வந்தது. ஒரு பங்கு அம்மா கையில். எங்கள் பங்கை நாங்கள் பெரியவர்கள் ஆகும்வரை தொடாமல் பாங்கில் போட்டுவைத்தார்கள். அக்கா வரவில்லை என்று மில்காரனிடம் மாமாவே முன்பே சொல்லிவிட்டிருந்தார். "அன்னைக்கு நான் போயி நின்னதுனாலதான் காரியம் ஆச்சு," என்று விசேஷ வீடுகளில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. தங்கமான மனுஷர்.

அந்தச் சிவப்புப் பை கட்டிலடியில் கிடந்தது. நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "நீயே வெச்சுக்க. என்ற கண்ணுல மட்டும் காட்டாத," என்றாள் அக்கா. அவ்வளவு அழகான பையை வேண்டாம் என்கிறவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மறுநாளே அதில் புத்தகங்களைப் போட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற கல் பாதையில் தடதடவென்று இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கா அந்தச் சக்கரச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். பைக்குப் பொறாமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் காதில் நன்றாக விழட்டும் என்று நான் இன்னும் பலமாக இழுத்தேன்.