பம்பரம் கைகட்டும் நேரம்

என்டரைத் தட்டுவதற்கு முன் அவள் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். திரையில் தெரியும் கணினியின் எண்ணை வாய்விட்டு இரண்டு முறை படிப்பாள். அதன் பிறகுதான் தட்டுவாள். நாள் முழுவதிலும் அவள் அசையாமல் நிற்பது அந்த நான்கு நொடிகள்தான். மற்ற நேரமெல்லாம் காலில் சக்கரம். வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர்.

அவள் பொறுப்பில் இருநூற்று நாற்பது லினக்ஸ் கணினிகள். எதற்கும் தனித் திரை கிடையாது. குளிரூட்டிய அறையில் அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கும். ஆராய்ச்சியாளர்கள் அனுப்பும் பெரிய கணக்குகளை எந்தக் கணினிக்குக் கொடுப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்று பங்கிட ஒரு மென்பொருள் உண்டு. அதைக் கட்டி மேய்ப்பது இவள் வேலை. அண்ணன் தையற்காரர், எட்டாவதோடு நின்றவர். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்வது இது: "எல்லாரும் கம்ப்யூட்டர்ல வேலை பாப்பாங்க. என் தங்கச்சி கம்ப்யூட்டருக்கே வேலை குடுக்குறா."

காலையில் குளியலறைக்கும் அதே பங்கீடுதான். அப்பா துண்டைத் தேடி எடுப்பதற்குள் மூன்று நிமிடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, "அண்ணே, உனக்குப் பல்லு தேய்க்கிற வேலைதானே, நடுவுல புகுந்து வந்துரு" என்பாள். தேநீரை நின்றபடியே பாதி குடிப்பாள். அலுவலகத்தில் அவள் நாற்காலியில் உட்காருவது அவளுடைய கைப்பை.

கைகட்டும் பழக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே ஒரு கணினியை அணைத்து எழுப்புவதாக நினைத்து அவள் தட்டிய கட்டளை இருநூற்று நாற்பதுக்கும் போய்விட்டது. வெள்ளத்தை முன்கூட்டிக் கணிக்கும் ஆராய்ச்சியாளர் ஒருவரின் ஒன்பது நாள் கணக்கு அதோடு போயிற்று. பழியை மென்பொருளின் தலையில் கட்டியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. இவள் மாடியேறிப் போய், அவரிடம் தன் கைத்தவறுதான் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

போன செவ்வாய்க்கிழமை, அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அண்ணன் போனபோது, அதே ஆராய்ச்சியாளர் அவள் மேசையருகே நின்றிருந்தார். இந்த முறை பதினான்கு நாள் கணக்கு. முடிய இன்னும் நாற்பது நிமிடம். அது ஓடிக்கொண்டிருந்த நூற்றுப் பதினேழாம் கணினியின் விசிறி நின்றுபோயிருந்தது. சூடு தொண்ணூறு டிகிரியைத் தொட்டால் கணினி தானாக அணைந்துவிடும். கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்கம்பக்கத்துக் கணினிகளும் சூடேறாதபடி அவற்றுக்குப் புது வேலை போகாமல் மறித்தாள். மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு குளிரறைக்கு ஓடினாள். திரும்பி வந்து திரையில் சூட்டைப் பார்த்தாள், விசிறியைத் திருப்பிவைக்க மறுபடி ஓடினாள். பதினொரு முறை; அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார். திரையில் சூடு எண்பத்தேழு. எண்பத்தொன்பது.

"திரும்பவுமாம்மா?" என்றார் ஆராய்ச்சியாளர், மெல்ல.

"ஓடிட்டுதான் சார் இருக்கு. நானும் ஓடிட்டுதான் இருக்கேன்."

எண்பத்தெட்டுக்கு இறங்கியது. எண்பத்தொன்பதுக்கு ஏறியது. அங்கேயே நின்றது. கடைசியில், கணக்கு முடிந்தது, விடை சேமிக்கப்பட்டது என்று திரையில் ஒரு வரி வந்தது. ஆராய்ச்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனி விசிறியை மாற்ற நூற்றுப் பதினேழை அணைத்தாக வேண்டும். கட்டளையை அடித்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணை இரண்டு முறை படித்தாள். பிறகு கையை அவிழ்த்து, என்டரைத் தட்டாமல் விசைப்பலகையை ஆராய்ச்சியாளர் பக்கம் நகர்த்திவைத்தாள்.