எலக்ட்ரிக் கடை முன்னால் நின்றவர்

பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டும் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு போய்விட்டது. தெருவில் எல்லோருக்கும் அவர் விசில். கட்டிய மனைவிகூடக் கோபம் வந்தால், “இந்த விசிலை என் தலையில கட்டி வச்சாங்களே” என்றுதான் ஆரம்பிப்பாள்.

இளமையில் இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து அவர் ஊதினால் மைதானத்தில் ஓடுகிறவர்கள் நின்றுவிடுவார்கள். ஒருமுறை நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேலரிப் பக்கம் வந்தார். “தம்பி, ஒண்ணு நீ ஊது, இல்ல நான் ஊதறேன். ரெண்டு பேருக்கும் இங்க வேலை இல்ல” என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

அந்த விசில் முழுக்க ஒருவனுக்காகத்தான். மில் கால்பந்து அணியின் பத்தாம் நம்பர். ரசிகர்கள் அவனை ஒல்லி என்று கூப்பிட்டார்கள். சட்டைக்குள் காற்று புகுந்தால் ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருப்பான். வாரம் முழுக்க மில் வாசலில் நின்று லாரியில் ஏறும் நூல் மூட்டைகளைக் குறித்துக்கொள்வது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதே ஆள் இடது காலில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு ஓடும்போது, டிப்போவிலும் லாண்டரியிலும் கண்ணாடிக் கடையிலும் முதுகு ஒடிய உழைக்கிற இளைஞர்களுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரிதான் அவர்கள் இடம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் இவர்களும் எழுந்து மறுபக்கம் ஓடுவார்கள். ஒல்லி தங்களை நோக்கித்தான் ஓடி வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பெனால்டி என்று வந்துவிட்டால் கதையே வேறு.

முதன்முதலாக ஒல்லி பெனால்டி அடித்த அன்று விசிலின் செருப்பு வார் அறுந்து பின்படிக்குக் கீழே விழுந்துவிட்டது. அதைத் தேட அவர் திரும்பிக் குனிந்த நேரத்தில் கோல். அடுத்த முறை கண் கொட்டாமல் பார்த்தார். பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றோடு அது சட்டமாகிவிட்டது. பெனால்டி கிடைத்ததும் விசில் ஒரு ஊது ஊதுவார். கேலரி மொத்தமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கும். ஒருத்தன் திருட்டுப் பார்வை பார்த்தாலும் உதைதான். எதிரணி ரசிகர்கள் உட்காரும் எதிர்ப்பக்கக் கேலரி வாயை மூடிக்கொண்டால் கோல். ஆரவாரம் செய்தால் போச்சு. காதால்தான் தெரிந்துகொள்வார்கள்.

ஆட்டம் முடிந்ததும் இன்னொரு கூத்து. எப்படி அடித்தான் என்று பார்த்தவர்கள் யார்? எதிரணிக்காரர்கள்தான். தோற்றுப்போய் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறவனை லாண்டரிக்காரர் வழிமறிப்பார்.

“அண்ணே, ஒரே ஒரு நிமிஷம். இடது மூலையா, வலது மூலையா?”

“நீங்கதானடா அவன் ஆளுங்க? உங்களுக்குக் கண்ணு இல்லையா?”

“கண்ணு இருக்குண்ணே. பாக்கக் கூடாது.”

“போடா பைத்தியக்காரா!”

பைத்தியம்தான். ஆனால் எத்தனை சந்தோஷமான பைத்தியம்!

டிப்போவில் ஒருநாள், காற்றடிக்கும்போது டயரை ரிம்மில் பிடித்திருக்கும் பூட்டு வளையம் தெறித்து விசிலின் வலது தோளில் அடித்தது. எலும்பு கூடியது, தோள் மட்டும் ஒரு பக்கம் தாழ்ந்தே போயிற்று. கட்டோடு கேலரிக்கு வந்த அவரைப் பார்த்து ஒல்லி மைதானத்திலிருந்தே தன் தோளைத் தாழ்த்திக்காட்டிச் சிரித்தான். அந்த ஒரு சிரிப்பைத்தான் விசில் தன் வாழ்நாள் சொத்தாக வைத்திருந்தார். இருவருக்கும் நேர்ப்பேச்சு என்று எதுவும் இருந்ததில்லை.

ஒல்லி கடைசியாக அடித்த பெனால்டி ஒரு இறுதி ஆட்டத்தில். எதிர்க் கேலரி ஆரவாரம் செய்தது. விசிலும் கூட்டாளிகளும் திரும்பவேயில்லை. அழுத முகத்தை அவனுக்கு எப்படிக் காட்டுவது? நின்றபடியே நின்று, கூட்டம் கலைந்தபின் வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு மில்லை மூடிவிட்டார்கள். அணியும் போயிற்று. மைதானத்தில் கிடங்கு கட்டினார்கள். விசிலுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து வெளியூர் போய், முன்பற்கள் விழுந்து, பல்செட்டும் வந்துவிட்டது. பல்செட்டோடு விசில் வராது. ஓய்வுக்குப் பின் ஒரு பஞ்சர் கடை போட்டார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டே, வருகிறவர்களிடமெல்லாம் ஒல்லியைப் பற்றிப் பேசுவார். “டியூபை ஒட்டுங்க சார், வேலைக்கு நேரமாச்சு” என்பார்கள்.

ஒல்லிக்கு ஈரல் கெட்டுவிட்டது என்ற செய்தியை லாண்டரிக்காரர்தான் கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம், பேப்பர் கடைக்கு மேலே மாடியில் வாடகைக்கு இருக்கிறாராம்.

“நாளைக்கே போய்ப் பாத்துட்டு வந்துடலாம்” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

விசில் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். “யாரும் போகக் கூடாது.”

“ஏன் மச்சான்?”

“இது பெனால்டி மாதிரிடா. கம்பத்துக்கு முன்னாடி தனியா நிக்கிறான். நாம பாத்தோம்னா கெட்டுடும்.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வயது ஆனாலும் அந்தப் பழைய பயம் அப்படியே இருந்தது. இருவரும் ஒல்லியைப் பார்க்கப் போகவில்லை.

“உடம்புக்கு முடியாத மனுஷனைப் போய்ப் பாக்காம இருக்கிறதுக்கு இப்படி ஒரு சாக்கா?” என்று விசிலின் மனைவி பொரிந்து தள்ளினாள்.

“சாக்கு இல்லடி. அவன் பொழைக்கணும்.”

“நீங்க பாக்காட்டி பொழைச்சிடுவாரா? நீங்க என்ன பெரிய டாக்டரா?”

அன்று மாலையிலிருந்து அவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அந்தத் தெருவுக்குப் போக ஆரம்பித்தார். பேப்பர் கடைக்கு எதிரில் ஒரு எலக்ட்ரிக் கடை. மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் சுற்றும் மனிதர் உள்ளே உட்கார்ந்திருப்பார். விசில் அந்தக் கடையைப் பார்த்தபடி, மாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒரு ஊது ஊதுவார். ‘அடிடா ஒல்லி, அடி’ என்று உதடு மட்டும் அசையும். பிறகு பல்பு விலை கேட்பதுபோல ஏதாவது கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமலே நடந்துவிடுவார். மழையிலும் நின்றார். காய்ச்சலோடும் நின்றார். ஒரு மனிதனால் இன்னொரு மனிதனுக்காக வேறென்ன செய்ய முடியும் என்று அவர் நினைத்தார்!

ஒருநாள் காலையில் லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் ஓடி வந்து கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். விசிலுக்குப் புரிந்துவிட்டது.

மூவரும் போனார்கள். குறுகலான மாடிப்படி. மேலே ஒரே அறை. மூலையில் ஸ்டவ், கயிற்றுக் கொடியில் இரண்டு சட்டை, மருந்து நெடி. ஜன்னலோரத்தில் ஒரு மர நாற்காலி. கட்டிலில் ஒல்லி. உண்மையிலேயே இப்போதுதான் ஒல்லி. போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. அந்த இடது பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விசில் அதைத் தொட்டார். இரும்பு ரிம்மைப் போலச் சில்லிட்டிருந்தது.

அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்த ஒல்லியின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க யாருண்ணே?”

“நாங்க… கேலரிக்காரங்கம்மா. மில் டீம் ஆடும்போது…”

“பெனால்டிக்குத் திரும்பிக்குவீங்களே, அவங்களா?”

“சொல்லியிருக்கானா?” விசிலின் முகம் மலர்ந்தது. சாவு வீடு என்பதையும் மறந்து மலர்ந்தது. “எங்களைப் பத்திச் சொல்லியிருக்கானா?”

“சொல்லாம? பந்தை வச்சிட்டு நிமிர்ந்து பாப்பாராம். எதிர்ல ஒரு முகம் இருக்காதாம். வரிசையா முதுகா இருக்குமாம். ‘தப்பா அடிச்சிடுவேன்னு பயந்துக்கிட்டுத் திரும்பிக்குவானுங்கடி, நம்ம ஆளுங்களுக்கே என் மேல நம்பிக்கை இல்ல’ன்னு சொல்லிச் சொல்லி மாய்வாரு. கடைசி ஆட்டத்துல தப்பிப்போச்சாமே. அப்பக்கூட யாரும் திரும்பலையாம். அதுக்கப்புறம் பந்தைத் தொடவே மனசு வரலைன்னாரு.”

லாண்டரிக்காரர், “ஐயோ, இல்லம்மா, அது வந்து…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். செருப்பு வார் அறுந்த கதையை இங்கே யாரிடம் சொல்வது? கேட்க வேண்டியவர் கட்டிலில் கிடக்கிறாரே!

“ஆனா பாருங்க” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடைசியில ஒருத்தர் வந்தாரு. சாயங்காலம் ஆனா அந்த எலக்ட்ரிக் கடை முன்னாடி நிப்பாரு. ஒரு தோள் இறங்கியிருக்கும். இவரு நாற்காலியில உக்காந்து பாத்துட்டு, ‘அது என் ஆளுடி, அந்த முதுகு எனக்குத் தெரியும்’னாரு. எனக்குச் சந்தோஷம்னா சந்தோஷம். மேல வருவாருன்னு நாங்க தினமும் பாப்போம். இவரால கத்திக் கூப்பிட முடியல. கையைத் தூக்கிக்கிட்டே உக்காந்திருப்பாரு, திரும்பினா ஆட்டலாம்னு. ஒருநாள் என்னைக் கீழே அனுப்பினாரு. நான் படியிறங்கறதுக்குள்ள ஆள் போயிட்டாரு.”

அவள் ஜன்னலோர நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்புறம் ஒருநாள் நாற்காலி வேணாம்னுட்டாரு. ‘இன்னமும் திரும்ப மாட்டேங்கறான்டி. இப்பவும் நான் தோத்துடுவேன்னுதான் நினைக்கிறான்’னு சொன்னாரு. அதுக்கப்புறம் அவர் சரியாப் பேசலைண்ணே.”

அப்போதுதான் அவள் பார்வை விசிலின் தோளில் வந்து நின்றது. தாழ்ந்திருந்த அந்த வலது தோளில்.

“நீங்கதானா அது?”

விசில் தலையை ஆட்டினார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். “ஒரே ஒரு தடவை திரும்பியிருக்கலாமேண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

மதியம் வண்டி வந்தது. படி குறுகல் என்பதால் உடலை நின்ற வாக்கில் இறக்க வேண்டியிருந்தது. விசில் தன் கெட்ட தோளைக் கொடுத்துத் தாங்கினார். ஒருகாலத்தில் வெற்றி ஊர்வலத்தில் ஒல்லியைத் தூக்கி வைக்க ஆசைப்பட்டு, கூட்டத்தில் எட்டாமல் போன தோள் அது. வண்டிக் கதவைச் சாத்தினார்கள். வண்டி உறுமியதும், லாண்டரிக்காரரும் கண்ணாடிக் கடைக்காரரும் தாங்க மாட்டாமல் பேப்பர் கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

“திரும்புங்கடா!” என்று கத்தினார் விசில். அவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார். “பாருங்கடா! மூஞ்சியைக் காட்டுங்கடா அவனுக்கு!”

திரும்பினார்கள். பார்த்தார்கள். மூடிய தகரக் கதவு ஒன்று தெருமுனை வரை போய் வளைந்து மறைந்தது. விசில் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு விரலை வாய்க்குள் மடித்தார். ஓட்டை டியூபிலிருந்து வருவதுபோல வெறும் காற்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற அவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அதுதான் அவருக்கு இன்னும் தாங்கவில்லை.

ஒல்லியின் மனைவி அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். விசில் மறுபடியும் ஒரு மாலை அந்தத் தெருவுக்குப் போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. அதே இடத்தில் நின்று, இந்த முறை ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார்.

“என்ன சார், இன்னைக்கு எனக்கு முதுகைக் காட்டி நிக்கிறீங்க?” என்றார் எலக்ட்ரிக் கடைக்காரர், காயில் சுற்றிக்கொண்டே. “கோவமா?”

மாடி ஜன்னல் அகலத் திறந்திருந்தது. நாற்காலி இல்லை. வெள்ளையடிக்கிறவர் ஒருவர் சுண்ணாம்பு மட்டையும் கையுமாக வெளியே எட்டிப் பார்த்தார். கீழே ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

“பெரியவரே, யாரைப் பாக்கணும்?”

விசில் கையைப் பாதி தூக்கினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

“யாரையும் இல்லப்பா” என்றார்.