மரம் வளர்ப்பு நாடகத்தில் இசக்கி

ஏழாம் வகுப்பில் எனக்கு இசக்கியம்மன் வேடம் கிடைத்தது. நாடகம் என்னவோ மரம் வளர்ப்பதைப் பற்றித்தான். ஆனால் எங்கள் ஊரான கொட்டாரம் பக்கத்தில் மரத்தை வெட்டாதே என்று அதிகாரி சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், இசக்கி சொன்னால் கேட்பார்கள் என்பது எங்கள் தமிழ் டீச்சரின் கணக்கு. என்னைவிட நன்றாக நடிக்கிறவர்கள் வகுப்பில் இருந்தார்கள். தலைமுடி எனக்குத்தான் நீளம்.

ஆண்டுவிழா அன்று பிற்பகல், சிவப்புப் பட்டும் மஞ்சள் பூசிய முகமுமாக, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மேடையேறினேன். சாம்பிராணிப் புகையும் உடுக்கைச் சத்தமும் சேர்ந்ததும் விசிலடித்துக்கொண்டிருந்த பையன்கள் அடங்கிப்போனார்கள். பெண்கள் சிலர் நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டார்கள். கோயில் கொடை விழாவில் சாமி வந்தவர் முன்னால் அப்படித்தான் நின்று குறி கேட்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது என் சித்தி மேடையருகே வந்தாள். சித்தப்பா அரபுநாட்டில் லாரி ஓட்டப் போனவர். எட்டு மாதமாகப் போன் இல்லை, வாட்ஸ்அப்பில் போட்டதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது.

"யம்மா, அவிய திரும்பி வருவாவளா?"

சித்தி என்னைப் பார்த்த பார்வையில் நான் இல்லை. "ஏட்டி, வசனத்தச் சொல்லு" என்று திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் பல்லைக் கடித்தார். வசனம் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"வருவான். மூணு நாளுல வந்து நிப்பான்."

என் தொண்டையில் அப்படியொரு கனத்த குரல் இருப்பது எனக்கே தெரியாது. பெண்கள் குரவையிட்டார்கள். சித்தி தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஆடினேன்.

மூன்றாம் நாள் காலையில், யாருக்கும் சொல்லாமல், சித்தப்பா வாடகைக் காரில் வந்து இறங்கினார். அம்மாவுக்குக் கையெல்லாம் புல்லரித்தது. தெருவே என்னைப் பார்க்க வந்தது. மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று ஒருத்தி கைகூப்பிக் கேட்டாள். தனியாகக் கண்ணாடி முன் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் ஒரு மிதப்பு.

சித்தி மட்டும் வரவில்லை. வழியில் கண்டால் தலைகுனிந்து ஒதுங்கி நின்றாள். சாமியிடம் உள்ள பயபக்தி என்று எடுத்துக்கொண்டேன். அந்த எட்டு மாதத்தில்தான் அவள் தையல் கற்றாள், வாய்விட்டுச் சிரித்தாள், அவள் கைகளில் புதிதாக ஒரு காயமும் இல்லை. எல்லாம் என் கண்ணில் பட்டதுதான். வரமாட்டான் என்ற ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அவள் மேடைவரை வந்தாள் என்பது மட்டும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.